போனதை எழுதிக் கொடுங்கள்

நம் ஊராட்சியின் எல்லாத் தெருக்காரர்களுக்கும், சென்ற வாரம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூடிய பெரியவர்களுக்கும், கம்போடு முன்வரிசையில் நின்ற தம்பிகளுக்கும் வணக்கம்.

அன்றைக்கு மூன்று முடிவுகள் எடுத்தோம். இரவில் இளைஞர்கள் கம்பும் டார்ச் லைட்டுமாக ஊரைச் சுற்றிக் காவல் இருப்பது. மாலை ஆறு மணிக்கு மேல் வெளியாள் யாரும் ஊருக்குள் தங்கக் கூடாது என்று எல்லையில் பலகை வைப்பது. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து நான்கு முனையிலும் கேமரா மாட்டுவது. கை தூக்கச் சொன்னபோது ஏறக்குறைய எல்லாக் கைகளும் மேலே போயின. அந்தக் கோபம் நியாயமான கோபம். ஆனால் அவ்வளவு நேரம் பேசியும், திருட்டுப் போனதைப் பற்றி யார் யார் புகார் கொடுத்திருக்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. போலீஸ் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் மண்டபத்தில் சிரிப்புதான் எழுந்தது. அந்தச் சிரிப்புதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. வீட்டுக்கு ஒரு படி வரும். தயவுசெய்து படியுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

இந்த வருஷம் நமக்கு என்னென்ன போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். கிழக்குத் தெருவில் பட்டியோடு ஆடுகள். வாய்க்கால் கரையில் மோட்டார் கொட்டகைகளின் காப்பர் ஒயர். மகள் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் தங்கிய குடும்பத்தின் பூட்டிய வீடு, பீரோவோடு. பால் சொசைட்டிக்கு விடிகாலையில் கேனோடு நடந்து போன அக்காவின் கழுத்துச் செயின். அவர் கழுத்தில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. வெளியூர்ப் பத்திரிகைக்கு இதெல்லாம் பெட்டிச் செய்திக்குக்கூடக் காணாது. நமக்கோ ஒரு வெள்ளாட்டுக் கிடா என்பது பிள்ளையின் பாலிடெக்னிக் ஃபீஸ். ஒயர் போனால் நாலு நாள் தண்ணீர் பாயாமல் நாற்று கருகும். செயின் போன வீட்டுப் பெண்கள் அதன் பிறகு இருட்டில் தனியே நடப்பதில்லை. ஆகவே யாரும் இதைச் சின்னத் திருட்டு என்று சொல்ல வேண்டாம்.

நான் இந்த ஊரில் பல வருஷங்களாக மனு எழுதிக் கொடுக்கிறவன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு என்று எல்லாம் எழுதுவேன். திருட்டுப் புகாரும் எழுதுவேன். எழுதி வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் ஸ்டேஷன் வாசலை மிதிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். தாளை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். கேட்டால் ஆளுக்கொரு காரணம். "போன ஆடு போனதுதான். அலைஞ்சா நாள் கூலியும் சேர்ந்து போயிரும்" என்பார் ஒருவர். ஆட்டுக்கு பில் இருக்கிறதா என்று கேட்பார்கள் என்ற பயம் இன்னொருவருக்கு. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் ஸ்டேஷன், கோர்ட் என்று பேர் அடிபட வேண்டாம் என்று ஒரு தாய் சொன்னார். போன சிலருக்கும் காலையிலிருந்து மாலை வரை மரத்தடியில் உட்கார்ந்ததும், கடைசியில் சிஎஸ்ஆர் ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பியதும்தான் அனுபவம். இந்தக் காரணங்கள் எதையும் நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் விளைவைப் பாருங்கள். நம் ஸ்டேஷன் எல்லையில் பல ஊராட்சிகள் இருக்கின்றன. இருக்கிற கொஞ்சம் காவலர்கள்தான் திருவிழா பந்தோபஸ்துக்கும் அமைச்சர் வருகைக்கும் கோர்ட் டியூட்டிக்கும் வாரண்டுக்கும் போய்வர வேண்டும். மிச்சம் இருக்கிறவர்களை இரவு ரோந்துக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்று இன்ஸ்பெக்டர் எதைப் பார்த்து முடிவு செய்வார்? பதிவேட்டைப் பார்த்துத்தான். பதிவேட்டில் நம் ஊர் அமைதிப் பூங்கா. வழக்கே இல்லாத ஊருக்கு எதற்கு ரோந்து? திருடன் நம்மை ஏமாற்றுகிறான் என்று சொல்கிறோம். நாம் பேசாமல் இருந்து ஸ்டேஷனையும் சேர்த்து ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரம் முழுக்கப் பதிவான வழக்குகளின் கணக்கு. பதியாத திருட்டு அதில் நடக்காத திருட்டு. கேரளத்தில் மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் குற்ற விகிதம் பல வட மாநிலங்களைவிட அதிகம் என்று அந்தப் பட்டியல் காட்டும். அதனால் அங்கே திருடர்கள் அதிகம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வதில்லை; அங்கே புகார் கொடுக்கிற பழக்கமும் பதிகிற பழக்கமும் அதிகம் என்றுதான் சொல்கிறார்கள். 2008-ல் அங்கே ஜனமைத்ரி என்ற திட்டம் வந்தது. ஒரு பகுதிக்கென்று நியமித்த காவலர் வீடு வீடாகப் போய்ப் பழகுவதுதான் அதன் உயிர். முகம் தெரிந்த காவலரிடம் சொல்லக் கூச்சம் குறைகிறது. சொல்வது கூடினால் கணக்கு கூடும். அப்படிக் கூடும் கணக்கைக் கண்டு ஊர் பயப்படத் தேவையில்லை.

ஒரு திருட்டு தனியாக நின்றால் அது ஒன்றையும் சொல்லாது. பத்துத் திருட்டு ஒரே தாளில் வரிசையாக வரும்போதுதான் அது பேசும். நம் ஊரில் ஒயர் போனதெல்லாம் மும்முனை மின்சாரம் இல்லாத ராத்திரிகளில்தான் போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அது உண்மையானால், கரண்ட் முறை தெரிந்தவன்தான் கை வைத்திருக்கிறான். ஆடு போவது ஆடியிலும் தீபாவளியையும் பக்ரீத்தையும் ஒட்டிய வாரங்களிலும். சந்தையில் விலை ஏறும் நேரம். பூட்டிய வீட்டில் புகுந்தவன், அந்தக் குடும்பம் ஆஸ்பத்திரியில் இருப்பதை அறிந்து வந்தவன். இவையெல்லாம் இன்றைக்கு என் ஊகம்; தேதியும் நேரமும் எழுத்தில் இருந்தால் விசாரிக்கிறவருக்கு இவை துப்பு. திருட்டு ஆட்டை வாங்க ஒரு வியாபாரி வேண்டும். திருட்டுக் காப்பரை உருக்க ஒரு பழைய இரும்புக் கடை வேண்டும். தெரிந்தே திருட்டுப் பொருளை வாங்குவதும் குற்றம்தான். ஆட்டுச் சந்தையிலும் இரும்புக் கடையிலும் போய் நின்று கேட்க நம் கம்புக்கு அதிகாரம் இல்லை. அதைப் போலீஸ்தான் செய்ய முடியும். வழக்கு எண் இல்லாமல் போலீசும் செய்யாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மனு எழுதுகிறவன் என்ற முறையில் இதைச் சொல்வது என் கடமை. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. புகார் பதியும் முறை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவில் இருக்கிறது. எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்று பார்க்காமல் எங்கு வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். எஃப்ஐஆர் நகலைக் காசில்லாமல் தர வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் நமக்குத் தெரிவிக்க வேண்டும். பதிய மறுத்தால் அதே புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சிஎஸ்ஆர் என்பது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டும். அதை வாங்கிக்கொண்டு வழக்குப் போட்டாயிற்று என்று நினைத்துத் திரும்பி வராதீர்கள். சாட்சி விசாரணைக்குப் பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் ஸ்டேஷனுக்கு வா என்று அழைக்கக் கூடாது, வீட்டுக்கே வந்துதான் கேட்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பால் சொசைட்டி அக்காவுக்கு இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் அவர் புகார் கொடுக்கத் தயங்கியிருக்க மாட்டார்.

போலீஸ் என்ற சொல்லுக்குச் சிரித்தவர்களுக்கு ஒருவரை நினைவுபடுத்துகிறேன். கீரனூர் நமக்குத் தூரமில்லை. 2021 நவம்பர் 21 அதிகாலை, திருச்சி நவல்பட்டு ஸ்டேஷனின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடி வண்டியில் போனவர்களை விரட்டிக்கொண்டு புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் வந்தார். கீரனூர் அருகே பள்ளத்துப்பட்டி பக்கம் அவர்களை மடக்கிப் பிடித்தார். அங்கேயே அவரை வெட்டிக் கொன்றார்கள். ஆட்டுக்காக. நம்மைப் போன்ற ஒருவருடைய ஆட்டுக்காக, தூக்கத்தை விட்டு, தன்னந்தனியாக, தன் ஸ்டேஷன் எல்லை தாண்டி வந்தவர் அவர். கைதானவர்களில் ஒருவனுக்கு வயது 19; மற்ற இருவர் சிறுவர்கள். வடக்கேயிருந்து ரயில் ஏறி வந்த கும்பல் இல்லை. நம் பக்கத்துப் பையன்கள், நம் மொழி பேசுகிறவர்கள், நம் சாலைகளின் குறுக்குவழி தெரிந்தவர்கள். அந்த இரவில் அவருக்குத் துணையாக இன்னும் இரண்டு காவலர்கள் இருந்திருந்தால், வழியோர ஊர்களில் ஒன்றிலாவது போன் போட்டால் எழுந்து வர நாலு பேர் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் குறைவு. ஊர்க்காவல் என்று பேசும்போது எனக்கு முதலில் தோன்றுவது அந்தத் துணைதான்.

இனி இரண்டாவது முடிவுக்கு வருகிறேன். இதைப் பற்றி நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியாள் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒடியா குடும்பங்கள். ரோட்டோரம் கூடாரம் போட்டுக் கூடை முடைகிறவர்கள். கம்பளி விற்க வருகிறவர்கள். ஊசி, பாசி விற்கிறவர்கள். அன்றைக்கு மண்டபத்தில் ஒரு பெரியவர் ஒரு சாதியின் பெயரைச் சொல்லி "அவனுக ரத்தத்துலயே இருக்கு" என்றார். பெரியவரே, உங்கள் மேல் மரியாதை வைத்துத்தான் கேட்கிறேன்: இதே பேச்சை நம் முன்னோர்களைப் பற்றி வெள்ளைக்காரன் சட்டமாகவே எழுதி வைத்தானே, மறந்துவிட்டதா? இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஒரு காலத்தில் காவல்காரர்கள் இருந்தார்கள். களத்துமேட்டில் அவர்களுக்கு நெல் அளந்தார்கள். மாடு காணாமல் போனால் மீட்டுக் கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. அதே காவல் முறைதான் வேறொரு முகத்தில் துப்புக்கூலி என்று கெட்டும் போயிற்று. மாட்டைப் பிடித்துப் போனவன் ஆளே தூது வந்து, காசு கொடுத்தால் மாடு இருக்கிற இடம் சொல்கிறேன் என்பான். வெள்ளை அரசு காவல் முறையை ஒழித்தது. காவல் காத்தவர்களுக்கு வேறு பிழைப்பு தரவில்லை. 1871-ல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஆண்பிள்ளைகளின் கைரேகையைப் பதிந்தார்கள். ராத்திரி ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து நின்றவர்களைச் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். 1947-ல்தான் நம் மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது. ஆறு மணிக்கு மேல் இன்னார் ஊருக்குள் இருக்கக் கூடாது என்ற பலகையை நம் கையால் எல்லையில் நடப்போகிறோம் என்றால், அந்தச் சட்டத்தை நாமே திரும்பக் கொண்டுவருகிறோம்.

சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பழைய கதைக்கும் போக வேண்டாம். 2018 மே மாதம் வாட்ஸ்அப்பில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு வதந்தி ஓடியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த சென்னைக் குடும்பம் வழியில் நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்கு அந்தக் குடும்பத்து மூதாட்டி ஒருவர் சாக்லேட் கொடுத்தார். ஊரே திரண்டு அடித்ததில் அவர் உயிர் போனது. அதே சமயத்தில் பழவேற்காட்டிலும் ஓர் ஆளை அடித்துக் கொன்றார்கள். அடித்தவர்கள் கொலைகாரர்கள் என்று பேர் எடுத்த ஆட்கள் கிடையாது. வயலுக்குப் போய் வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கோயிலுக்கு வரி கொடுத்து வாழ்ந்தவர்கள். அவர்களில் பலர் ஜெயிலுக்குப் போனார்கள். எத்தனை வீடுகள் கெட்டிருக்கும்?

முன்வரிசையில் நின்ற தம்பிகளே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். நம் கண்முன்னே திருடுகிற ஒருவனைப் பிடிக்கச் சட்டம் நமக்கும் இடம் கொடுக்கிறது. பிடித்தால் தாமதிக்காமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான் நம் உரிமை. கட்டி வைத்து அடிக்கவோ, மொட்டையடித்து வீடியோ எடுக்கவோ அதில் இடமில்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி, மொழி, பிறந்த ஊர் போன்ற காரணத்தை வைத்து ஒருவனை அடித்துக் கொன்றால், கூட இருந்த ஒவ்வொருவருக்கும் தூக்கு அல்லது ஆயுள் என்று புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு சொல்கிறது. முதல் அடி யார் அடித்தார், கடைசி அடி யார் அடித்தார் என்று அங்கே பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், கையில் கம்போடு இருபது பேர் நிற்கும்போது எதிரே ஓடி வருகிறவன் திருடனா, வழி தெரியாத லாரி கிளீனரா என்று யார் நின்று கேட்பார்கள்? கம்பைக் கையில் கொடுத்துவிட்டு நிதானமாக இரு என்று சொல்வது நடக்கிற காரியமா?

போலீஸ் கையில் ஒப்படைத்தால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1993-ல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தில் நகை திருட்டு என்று சொல்லி அழைத்துப் போன ஒரு ஏழை ஸ்டேஷனிலேயே அடிபட்டுச் செத்தார். 13 ஆண்டுகள் கழித்து, 2006-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் காவலர்களைத் தண்டித்தது. ஜெய் பீம் படமாக 2021-ல் அதைப் பார்த்து நாம் எல்லோரும் அழுதோம். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் காரில் இருந்த நகை காணோம் என்ற வாய்ப் புகார் ஒன்றுக்காக, கோயில் காவலாளியாக இருந்த ஓர் இளைஞரைத் தனிப்படையினர் அடித்தே கொன்றார்கள். வழக்கே பதியாமல் தனிப்படை எப்படி விசாரித்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. அந்தக் கேள்வியை நன்றாக யோசித்துப் பாருங்கள். எழுத்தில் இருக்கும் புகார் நம் பொருளை மட்டும் காப்பதில்லை. சந்தேகப்பட்டு அழைத்துப் போகிறவன் உயிரையும் அது காக்கிறது. யார், எப்போது, எந்த வழக்குக்காக அவனை அழைத்துப் போனார் என்பதற்கு அங்கே தடயம் இருக்கிறது. "எஃப்ஐஆர் எல்லாம் வேண்டாம், நம்ம ஆளை விட்டு நாலு தட்டு தட்டி விசாரிக்கச் சொல்லுங்க" என்று தெரிந்த ஏட்டய்யாவிடம் போய்ச் சொல்கிற பழக்கம் நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரிடம் இருக்கிறது. அந்தப் பழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். ஒரு பவுன் சங்கிலிக்காக ஒருத்தனின் தாய் வாழ்நாள் முழுக்க அழ நாம் காரணமாகக் கூடாது.

ஊர்க்காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரியும் இருக்கிறது, கெட்டுப்போன முன்மாதிரியும் இருக்கிறது. 1993-ல் ராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், பொதுமக்களைக் காவல்துறைக்குத் துணையாகச் சேர்க்கும் 'காவல்துறையின் நண்பர்கள்' அமைப்பைத் தொடங்கினார். நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் போகப் போகச் சில இடங்களில் அதில் இருந்தவர்கள் சீருடை போடாத போலீஸ் போல நடந்துகொண்டார்கள் என்ற புகார் எழுந்தது. 2020-ல் சாத்தான்குளத்தில் இரண்டு வியாபாரிகள் காவலில் அடிபட்டு இறந்ததை அடுத்து அந்த அமைப்பின் பெயரும் அடிபட்டது; ஜூலையில் அரசு அதைத் தடை செய்தது. எட்ட நின்று பார்த்துச் சொல்ல வேண்டியவர்களுக்கு விசாரிக்கிற ஆசை வந்ததுதான் அங்கே நடந்த கேடு.

திருச்சியில் 1999-ல் ஆணையராக வந்த ஜே.கே. திரிபாதி வேறு வழியில் போனார். நகரத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதிக்கும் இன்னின்ன காவலர்கள் என்று நிலையாகப் பொறுப்புக் கொடுத்து, அடிக்கடி மாற்றாமல் வைத்தார். சாதாரணக் காவலர்களே அங்கங்கே மக்களோடு உட்கார்ந்து சின்னச் சச்சரவுகளைத் தீர்க்க அதிகாரம் கொடுத்தார். நேரில் வரப் பயப்படுகிறவர்களுக்காகப் புகார்ப் பெட்டி வைத்தார். திருச்சியில் கடை வைத்திருந்த என் மைத்துனர் இன்றைக்கும் அந்த நாட்களைப் பற்றிப் பேசுவார். தெருக் காவலரின் பெயர் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியுமாம். நம் ஸ்டேஷனில் நம் ஊருக்கென்று பொறுப்பான காவலர் யார் என்று அன்றைக்கு மண்டபத்தில் கேட்டிருந்தால் எத்தனை பேர் சொல்லியிருப்போம்? பல மாவட்டங்களில் இப்போது கிராமத்துக்கு ஒரு காவலர் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நமக்கும் ஒருவர் இருக்கக் கூடும். அவர் நம்மைத் தேடி வரவில்லை. நாமும் அவரைக் கேட்டுப் போகவில்லை.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுங்கள். ஆனால் மாட்டுவதற்கு முன்னால் கிழக்குத் தெருவிலும் சொசைட்டி போகிற வழியிலும் எரியாமல் கிடக்கும் தெருவிளக்குகளை ஊராட்சிச் செயலரிடம் சொல்லி எரிய வையுங்கள். இருட்டைப் படம் எடுத்து என்ன ஆகப் போகிறது? பதிவுப் பெட்டி யார் வீட்டில் இருக்கும், யார் பார்க்கலாம் என்பதையும் எழுதி வையுங்கள். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் போய்வருவது யார் போனிலும் ஓடக் கூடாது.

நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபையில் அந்த மூன்று முடிவுகளை அப்படியே நிறைவேற்றாமல், வேறு சிலவற்றைத் தீர்மானமாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் ஊருக்குப் பொறுப்பான காவலரின் பெயரும் செல் எண்ணும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் எழுதப்பட வேண்டும். முன்பு கோயில் வாசலில் போலீஸ் ரோந்துக்கான பட்டா புத்தகம் தொங்கும். ரோந்து வருகிறவர் கையெழுத்துப் போட்டுப் போவார். அது புத்தகமாகவோ, இப்போது செல்போனில் பதிகிற முறையாகவோ, ஏதோ ஒன்றாக வாய்க்கால் கரை வரை வர வேண்டும். மாதம் ஒரு மாலை அந்தக் காவலர் நம் ஊரில் வந்து உட்கார வேண்டும். ஆண்களுக்கு முன்னால் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்காகப் பெண் காவலரும் வர வேண்டும். வெளியூர் போகிறவர்கள் பூட்டிய வீட்டின் விவரத்தைச் சொல்லிவிட்டுப் போனால் ரோந்தில் பார்க்கிற வழக்கம் டவுனில் இருக்கிறது. அது நமக்கும் வேண்டும். ஆட்டுச் சந்தையிலும் பழைய இரும்புக் கடைகளிலும் வாங்கியவர், விற்றவர் விவரம் எழுதப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தீர்மானத்தின் நகலை அனுப்ப வேண்டும்.

இரவில் விழித்திருக்க விரும்பும் தம்பிகள் விழித்திருக்கட்டும். பெயர்ப் பட்டியலை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, டார்ச்சும் விசிலும் போனும் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத வண்டி நின்றால் எண்ணைக் குறித்து 100-க்கோ 112-க்கோ சொல்லுங்கள். கம்பு வீட்டிலேயே இருக்கட்டும். குடித்துவிட்டு வருகிறவனைச் சேர்க்காதீர்கள். சூளை மேஸ்திரியிடம் பேசி, அங்கே தங்கியிருக்கிறவர்களில் ஒருவரையாவது உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். போன மாதம் அவர்களுடைய இரண்டு செல்போனும் ஒரு சைக்கிளும் காணாமல் போயிருக்கின்றன. திருட்டுக் கொடுத்த வகையில் அவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். அதைப் பற்றி மண்டபத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசியாக, எனக்கு நீங்கள் செய்ய வேண்டிய உதவி. இந்த வருஷம் தைக்குப் பிறகு எது போயிருந்தாலும், சின்னதானாலும், எழுதிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து நூலகத் திண்ணையில் தாளும் பேனாவுமாக இருப்பேன். எழுத்துக் கூலி கிடையாது. ஆடானால் நிறம், கொம்பு, காது அடையாளம், போனில் ஒரு படம் இருந்தால் அது. காதுவில்லை போட்டிருந்தால் அதன் எண். மோட்டார், ஒயர் என்றால் வாங்கிய கடை ரசீது. இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியன் பெயர். வண்டியானால் ஆர்சி புத்தகம். நகையானால் அதை அணிந்து எடுத்த கல்யாணப் போட்டோ போதும். எந்த நாள், எத்தனை மணிக்குள் போயிருக்கும், கடைசியாக யார் பார்த்தார் என்பதை வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள். யார் மேல் சந்தேகம் என்ற இடத்தில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவேன். சாதிப் பெயர் எழுதச் சொன்னால் எழுத மாட்டேன். சூளைக் குடும்பங்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் வந்தால் இடம் விட்டு உட்காருங்கள்.

தனித்தனியே யாரும் போக வேண்டாம். எல்லாப் புகாரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை ஒன்பதேகால் டவுன் பஸ்ஸில் போவோம். ஒருவரை மரத்தடியில் உட்கார வைக்கலாம். முப்பது பேரை வைக்க முடியாது. ஒவ்வொருவரும் தன் எஃப்ஐஆர் நகலை வாங்கிய பிறகுதான் திரும்பும் பஸ் ஏறுவோம். பகலுக்கு மேல் ஆகலாம், சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மனு எழுதுபவன்